டிக்கெட் போடும் முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்: நைரோபியில் விசாக் கோப்புகளோடு கற்றவை

நைரோபியில் ஒரு சிறிய வேளாண் ஆய்வு அலுவலகத்தில் நிர்வாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கூட வேலை செய்பவர்கள் கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா, கானா, நைஜீரியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு என்று பல நாட்டுக்காரர்கள். பயிற்சி, கருத்தரங்கு என்று அவர்கள் வெளிநாடு கிளம்பும்போது விசா ஏற்பாடுகளைக் கவனிப்பது என் பொறுப்பு. வருடக்கணக்கில் இதையே செய்து வந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. போக வேண்டிய ஊரை வைத்துப் பயணத்தைத் திட்டமிட முடியாது. பயணியின் கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது என்பதில்தான் தொடங்க வேண்டும். தேதி, வழி, செலவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பலர் நினைப்பதுபோல ஆப்பிரிக்க பாஸ்போர்ட் எல்லாம் ஒரே ரகம் இல்லை. என் இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் போக விசா வேண்டும். பக்கத்து மேசையில் இருக்கும் கென்யத் தோழிக்கு வேண்டாம். மலேசியாவுக்கும் அவர் விசா இல்லாமல் போய்வரலாம். ஆனால் எதிர் மேசையில் இருக்கும் நைஜீரிய நண்பருக்கு சிங்கப்பூர் போக விசா கட்டாயம். தென்னாப்பிரிக்காவுக்குக் கென்யர்கள் 2023 ஜனவரியிலிருந்து ஆண்டுக்கு 90 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். அதற்கு முன் அதே கண்டத்துக்குள் போகவே கோப்பைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நல்ல நிலையில் இருக்கும் பாஸ்போர்ட்டும் கீழே இறங்கும். அயர்லாந்துக்கு விசா இல்லாமல் போய்வந்த தென்னாப்பிரிக்கர்களும் போட்ஸ்வானாக்காரர்களும் 2024 ஜூலையிலிருந்து விசா எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே போன வருடம் போய்வந்தவர் சொன்னார் என்று எதையும் நம்பக் கூடாது. அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தை, பயணம் போகும் அந்த மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும்.

என் வேலையில் மிகவும் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது டிரான்ஸிட். விமானம் மாறுவதற்காக ஒரு விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்காருவதற்கும் விசா கேட்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது. வெளியே போகாமல் விமானம் மட்டும் மாறினாலும் விமான நிலைய டிரான்ஸிட் விசா வேண்டும் என்று ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள், எல்லாம் சேர்ந்து ஒரு பொதுப் பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் காங்கோ ஜனநாயகக் குடியரசு, எரித்ரியா, எத்தியோப்பியா, கானா, நைஜீரியா, சோமாலியா இருக்கின்றன. இலங்கையும் இருக்கிறது என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இந்தப் பொதுப் பட்டியலுக்கு மேல் சில நாடுகள் தங்களுக்கென்று கூடுதலாகவும் பெயர்களைச் சேர்த்திருக்கின்றன. பிரிட்டனின் பட்டியல் தனி. கென்யா, கானா, நைஜீரியா, இந்தியா, இலங்கை எல்லாமே அதில் உண்டு.

எங்கள் கானா நண்பருக்கு பிரேசிலின் சாவோ பாலோவில் ஒரு கூட்டம். அக்ராவிலிருந்து புறப்பட வேண்டும். வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு ஊரும் அட்லாண்டிக்கின் இரு கரைகளில் ஏறக்குறைய எதிரெதிரே இருக்கின்றன. மலிவான டிக்கெட் ஐரோப்பா வழியாக இருந்தது. பிரேசில் விசா கையில் வந்துவிட்டது, ஆனால் ஐரோப்பிய டிரான்ஸிட் விசாவுக்கு நேர்காணல் தேதி கூட்டம் முடிந்த பிறகுதான் கிடைத்தது. கடைசியில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா வழியாகப் போனார். மேற்கே போக வேண்டியவர் முதலில் கண்டத்தின் குறுக்கே கிழக்குக் கோடி வரை பறந்து, அங்கிருந்து திரும்பி, ஆப்பிரிக்காவையும் கடலையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தார். பணமும் கூட, நேரமும் கூட. நாற்பது வயது தாண்டிய ஒரு விஞ்ஞானியை இப்படி அலைக்கழிக்கிறோமே என்று அன்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இன்றும் அது குறையவில்லை.

ஆகவே டிரான்ஸிட் விஷயத்தில் நான் கடைப்பிடிப்பது இது. டிக்கெட் பார்க்கும்போதே இடையில் நிற்கும் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக விதியைப் பார்ப்பேன். பயணியிடம் அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா இருந்தால் ஐரோப்பிய டிரான்ஸிட் விசாவிலிருந்து விலக்கு கிடைக்கும், அதையும் கேட்டுவிடுவேன். இரண்டு தனி டிக்கெட்டாக வாங்குவதைத் தவிர்ப்பேன். தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் பெட்டியை வெளியே வந்து எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். வெளியே வர அந்த நாட்டு நுழைவு விசா வேண்டும், டிரான்ஸிட் விசா போதாது. அதே காரணத்தால் ஒரே நாட்டுக்குள் இரண்டு ஊர்களில் விமானம் மாறுவதும் ஆபத்துதான். அடிஸ் அபாபா, நைரோபி, ஜோகன்னஸ்பர்க், இஸ்தான்புல், வளைகுடா ஊர்கள் என்று வேறு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

அடுத்தது பணத்தைக் காட்டுவது. நம் ஆட்களுக்கும் பழக்கமான தலைவலிதான், ஆனால் இங்கே அதன் முகம் வேறு. கென்யாவில் பணம் வங்கியில் மட்டும் புழங்குவதில்லை. 2007இல் வந்த எம்-பெசா என்ற கைபேசிப் பணம்தான் அன்றாட வாழ்க்கை. அதோடு சாமா என்று ஒரு வழக்கம் உண்டு. தோழிகள், உறவினர்கள், ஒரே தெருக்காரர்கள் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள், கிட்டத்தட்ட நம் ஊர் சீட்டு மாதிரி. அப்புறம் சாக்கோ எனும் கூட்டுறவு சேமிப்புச் சங்கங்கள். மாதச் சம்பளக்காரர்களில் நிறையப் பேரின் உண்மையான சேமிப்பு சாக்கோவில்தான் இருக்கும். விசா அலுவலகமோ வங்கிக் கணக்கின் கடந்த சில மாத ஸ்டேட்மென்டைத்தான் கேட்கும்.

எங்கள் களப்பணியாளர் ஒரு பெண், ஐரோப்பாவில் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குத் தேர்வானார். விண்ணப்பிப்பதற்குச் சில நாள் முன்புதான் அவருக்கு சாமா முறை வந்தது. மொத்தத் தொகையும் ஒரே நாளில் கணக்கில் விழுந்தது. பார்ப்பவருக்கு அது கடன் வாங்கிப் போட்டுக் காட்டிய பணமாகத் தெரியும் அல்லவா? விசா மறுக்கப்பட்டது. ஷெங்கன் மறுப்புக் கடிதம் ஒரே அச்சில்தான் வரும். காரணங்கள் வரிசையாக இருக்கும், பொருந்துவதில் குறி போட்டிருப்பார்கள். அவருக்கு விழுந்த குறி, விசாக் காலம் முடியும் முன் திரும்பிப் போவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்ற வரி. இரண்டு குழந்தைகள், நிரந்தர வேலை, அம்மா அப்பா எல்லாம் இங்கே இருக்க, அந்த வரியைப் படித்துவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை.

மறுபடி விண்ணப்பித்தபோது கோப்பை வேறு மாதிரி கட்டினோம். ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம்: நான் யார், எதற்குப் போகிறேன், யார் செலவு செய்கிறார்கள், எந்தத் தேதியில் திரும்புகிறேன், இன்ன தேதியில் கணக்கில் வந்த தொகை எது. அந்தத் தொகைக்கு ஆதாரமாக சாமா தலைவியின் கையெழுத்திட்ட கடிதமும் உறுப்பினர் பட்டியலும். சாக்கோ சேமிப்பு விவரம். சம்பளச் சீட்டுகளில் இருக்கும் தொகையும் வங்கியில் விழும் தொகையும் ஒன்றுதான் என்று காட்ட, ஸ்டேட்மென்டில் அந்த வரிகளுக்கு அடியில் கோடு. அலுவலகக் கடிதத்தில் விடுப்பு தேதியோடு மறுபடி வேலைக்குச் சேரும் தேதியும், சேர்ந்ததும் அவர் பொறுப்பேற்கும் விதைப்புப் பருவப் பணியும். குழந்தைகளின் பள்ளிச் சான்று. முந்தைய மறுப்புக் கடிதத்தின் நகலை நாங்களே முன்வந்து வைத்தோம். விசா வந்தது.

விசா அதிகாரி நம் வாழ்க்கையைப் பார்த்ததே இல்லை. சாமா என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கேட்ட காகிதங்களை அடுக்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, அவற்றுக்கு இடையே இருக்கும் சம்பந்தத்தையும் எழுதிச் சொல்ல வேண்டும். பெரிய தொகையைக் கடைசி நேரத்தில் கணக்கில் போடாதீர்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் எங்கிருந்து வந்தது என்று ஒரு காகிதம் இருக்க வேண்டும். உறவினர்களும் நண்பர்களும் சேர்ந்து பணம் திரட்டித் தருவது இங்கே சகஜம். அதற்கும் ஒரு கடிதம், பெயர்ப் பட்டியல்.

மறுப்பை மறைக்கவே கூடாது. எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று பெரும்பாலான விண்ணப்பங்களில் கேள்வி இருக்கும். மறுக்கப்பட்டது என்று எழுதினால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள், அவ்வளவுதான். பொய் சொல்லி மாட்டினால் பிரிட்டன் போன்ற நாடுகளில் பத்து ஆண்டுத் தடைகூட வரும். ஏஜென்டுகள் சிலர் "எழுத வேண்டாம்" என்று தைரியம் சொல்வார்கள். அவர்கள் போட்ட பொய்க்குத் தண்டனை அனுபவிக்கப்போவது கையெழுத்துப் போட்டவர்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்தது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு தனி. மறுத்தால் விசாக் கட்டணம் திரும்பாது. தன் நாட்டில் தூதரகம் இல்லாதவர்கள் அடுத்த நாட்டுக்குப் போய் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பயணமும் தங்கலும் இன்னொரு செலவு. மறுக்கப்பட்ட விண்ணப்பங்களுக்காக ஏழை நாட்டு மக்கள் பணக்கார நாடுகளுக்குக் கட்டும் இந்தப் பணத்தை எந்த வகையிலும் நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நேரமும் ஆளுக்கு ஆள் மாறும். ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். பொதுவாக 15 நாளில் முடிவு என்பது விதி. ஆனால் எத்தியோப்பியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் அதை 45 நாளாக்கியது. பலமுறை நுழையும் விசாவும் இல்லை என்றது. ஐரோப்பாவில் அனுமதியின்றித் தங்கியிருக்கும் எத்தியோப்பியர்களைத் திருப்பி அழைத்துக்கொள்வதில் அந்த அரசு ஒத்துழைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அரசோடு உள்ள பிணக்குக்கு, பயிற்சிக்குப் போகும் ஒரு மண்ணியல் ஆய்வாளர் ஏன் ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும்? அவரோடு விண்ணப்பித்த கென்யருக்கு விசா கைக்கு வந்த பிறகும் அவருடைய பாஸ்போர்ட் தூதரகத்திலேயே கிடந்தது. பாஸ்போர்ட் அங்கே இருக்கும்வரை வேறு எந்த நாட்டுக்கும் போக முடியாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே காலத்தில் இரண்டு பயணம் இருந்தால் எந்த விசா முதலில் என்று தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும்.

எத்தியோப்பியர்களைப் பற்றிப் பேசும்போது பெயர் விஷயமும் ஞாபகம் வருகிறது. அவர்களுக்கும் நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர். கணவனுக்கும் மனைவிக்கும் பொதுவான பெயர் எதுவும் இருக்காது. இனிஷியலை விரித்து எழுதி பாஸ்போர்ட் எடுத்த எந்தத் தமிழருக்கும் இந்தத் தொல்லை புரியும். டிக்கெட்டில் ஒரு வரிசை, அழைப்புக் கடிதத்தில் வேறு வரிசை, காப்பீட்டில் தாத்தா பெயர் விட்டுப்போயிருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும் பாருங்கள், அதில் இருக்கும்படியே எல்லாக் காகிதத்திலும் பெயர் இருக்க வேண்டும். அழைப்புக் கடிதம் எழுதுபவருக்கு பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகலை அனுப்பி, அதைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். குடும்பமாகப் போனால் திருமணச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அமெரிக்காவைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. விதி மாறிக்கொண்டே இருக்கிறது. 2025 ஜூனில் வந்த தடையில் சாட், காங்கோ குடியரசு, எக்குவடோரியல் கினி, எரித்ரியா, லிபியா, சோமாலியா, சூடான் ஆகிய நாட்டவர்களுக்கு முழுத் தடை. புருண்டி, சியரா லியோன், டோகோவுக்குப் பகுதித் தடை. ஆகஸ்டில் மலாவி, ஜாம்பியா நாட்டு விண்ணப்பதாரர்களிடம் 15,000 டாலர் வரை பிணைத்தொகை கேட்கும் திட்டம் தொடங்கியது. பட்டியல்கள் அதற்குப் பிறகும் நீண்டன. சுற்றுலா, அலுவல் விசாவுக்கு வரும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றுதான் அவர்கள் சட்டம் தொடங்குகிறது. இல்லை என்று நிரூபிப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு. நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எதற்குப் போகிறேன், எப்போது திரும்புகிறேன், திரும்பியதும் என்ன வேலை காத்திருக்கிறது என்று மூன்று வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள்.

விசா கிடைத்தாலும் விமான நிலையத்தில் இன்னொரு சோதனை உண்டு. தகுந்த காகிதம் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போனால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும், அவரைத் திருப்பியும் கொண்டுவர வேண்டும். அந்தப் பயத்தில் செக்-இன் கவுண்டரில் இருப்பவர்கள் சில பாஸ்போர்ட்டுகளைக் கண்டதும் தயங்குவார்கள். எங்கள் காங்கோ நண்பரை எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும் ஓரமாக நிறுத்திவிட்டார்கள். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது, இவர் நின்றுகொண்டே இருந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. "டைமாட்டிக்கில் என் பாஸ்போர்ட்டைப் போட்டுப் பாருங்கள், மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள்" என்று மட்டும் கேட்டார். டைமாட்டிக் என்பது விமான நிறுவனங்கள் விசா விதிகளைப் பார்க்கப் பயன்படுத்தும் தகவல் தொகுப்பு. அந்தப் பெயரைச் சொன்னாலே பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். மேற்பார்வையாளர் வந்து பார்த்ததும் போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் இப்போது மூன்று மணி நேரத்துக்கும் முன்பே போகிறார்கள். விசா விதி, அழைப்புக் கடிதம், ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருக்கிறார்கள், கைபேசியை நம்புவதில்லை.

நம் ஊரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. சிகிச்சைக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் வரும் ஆப்பிரிக்கர்கள் நிறைய. தோழி ஒருவரின் அம்மாவுக்கு இதய சிகிச்சை சென்னையில் ஏற்பாடானது. கென்யர்களுக்கு இந்தியாவின் இ-மருத்துவ விசா உண்டு. மருத்துவமனையின் கடிதத்தை இணைக்க வேண்டும். கூடப் போகும் உறவினர்கள் இரண்டு பேர் வரை துணையாளர் விசா எடுக்கலாம். நைஜீரிய பாஸ்போர்ட்டுக்கு நான் பார்த்தவரை இ-விசா வசதி இல்லை, தூதரகம் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அரசு தளம் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் ஏராளம். இணைய முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை மட்டும் மறக்கவே கூடாது. கென்யா, நைஜீரியா, கானா, எத்தியோப்பியா போன்ற நாடுகளிலிருந்து இந்தியாவில் இறங்குபவரிடம் அது இல்லை என்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். நாம் இந்தியர்கள் என்பதால் விலக்கு கிடையாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அதனால் கடைசி வாரத்தில் போட்டுப் பயனில்லை. 2016 ஜூலைக்குப் பிறகு அந்த அட்டை ஆயுள் முழுவதும் செல்லும், பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வருபவர்கள் கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, சென்னையில் இவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுபவர்களுக்கு. வெளிநாட்டவர் தங்கினால் அவருடைய விவரங்களை அரசின் படிவத்தில் (பழைய பெயர் சி படிவம்) இணையத்தில் பதிவது தங்க இடம் கொடுப்பவரின் கடமை. அது தெரியாமலேயே பலர் வீடு இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த அம்மாவுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்க ஓரிடம் கிடைப்பதற்குள் அவர் மகள் பட்ட பாடு எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது. படிவம் நிரப்ப அரை மணி நேரம்கூட ஆகாது. தயவுசெய்து நிரப்பிக் கொடுங்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, ஆப்பிரிக்கருக்கு ஆப்பிரிக்காவுக்குள் போவதாவது சுலபமாக இருக்கும் என்று நினைப்போம். கண்டத்தின் பெரும் பணக்காரரான அலிகோ டாங்கோட்டே, நைஜீரிய பாஸ்போர்ட்டோடு ஆப்பிரிக்காவைச் சுற்றத் தனக்கு 35 விசா தேவைப்படுகிறது என்று 2024இல் ருவாண்டாத் தலைநகர் கிகாலியில் நடந்த மாநாட்டில் குறைப்பட்டுக்கொண்டார். ஆப்பிரிக்க ஒன்றியம் 2016இல் பொது பாஸ்போர்ட்டை அறிமுகம் செய்தது. தலைவர்களைத் தாண்டிச் சாதாரண மக்கள் கைக்கு அது வரவில்லை. 2018இல் மக்கள் தடையின்றிப் போய்வர ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நடைமுறைக்கு வர 15 நாடுகள் ஏற்புறுதி தர வேண்டும். விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் தந்திருக்கின்றன. அதே நேரம் நல்லதும் நடந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குள் 90 நாள் வரை விசா வேண்டாம் என்ற ஏற்பாடு 1979இலிருந்து இருக்கிறது. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்குள்ளும் அந்நாட்டவர்கள் அடையாள அட்டையோடே எல்லை தாண்டலாம். பெனின், காம்பியா, ருவாண்டா, செஷல்ஸ் எல்லா ஆப்பிரிக்கர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டன.

எங்கள் வருடாந்தரக் கூட்டம் வழக்கமாக ஐரோப்பாவில் நடக்கும். ஒவ்வொரு முறையும் விசா வராமல் யாராவது விடுபட்டுப் போவார்கள், அதுவும் பெரும்பாலும் வயதில் இளையவர்கள், முதல் பயணம் போக இருந்தவர்கள். பங்கேற்பவர்களின் பெயருக்கு நேரே பாஸ்போர்ட்டை எழுதி, எந்த ஊரில் வைத்தால் எத்தனை பேருக்கு விசா வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டு இயக்குநரிடம் கொடுத்தேன். கிகாலி முதலில் வந்தது. காமன்வெல்த் நாட்டுக்காரி என்பதால் எனக்கும் அங்கே 30 நாளுக்குக் கட்டணமில்லாத விசா கிடைத்தது. இளையவர்கள் எல்லோரும் வந்தார்கள். அதில் பாதிப்பேர் தங்கள் ஆய்வைச் சபை முன் பேசியது அதுதான் முதல் முறை.

காங்கோ நண்பர் மட்டும் வரவில்லை. அவர் நாட்டுக்கும் ருவாண்டாவுக்கும் இடையில் கிழக்குக் காங்கோவில் நடக்கும் மோதல் உலகம் அறிந்தது. விசாத் தடை இல்லாவிட்டாலும் அவர் மனம் ஒப்பவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. 2024இல் கென்யா கொண்டுவந்த இணைய அனுமதி முறை பல ஆப்பிரிக்க நாட்டவர்களுக்கும் கட்டணம் வைத்ததால் அப்போது நைரோபியை யோசிக்க முடியவில்லை. 2025இல் லிபியா, சோமாலியா தவிர மற்ற ஆப்பிரிக்க நாட்டவர்களுக்கு அந்த அனுமதி வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே அடுத்த கூட்டம் இங்கேதான், அவரும் இங்கேயே குடியிருப்பவர். ஐரோப்பாவிலிருந்து வருபவர்கள்தான் இந்த முறை இணையத்தில் படிவம் நிரப்பிப் பணம் கட்ட வேண்டும். அவர்களுக்கு அதற்கான வழிமுறையை அனுப்பத் தொடங்கியிருக்கிறேன்.